மாட்டுக்குச் செய்வது குதிரைக்கு ஆகாது

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் குதிரை பற்றியவற்றை மட்டும் ஒன்றாக எடுத்திருக்கிறேன். மாட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுடையவை அடுத்த இதழில் வரும். திருகோணமலையில் குதிரை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அவர்களைச் சுற்றி மாடு வளர்ப்பவர்கள்தான் நிறைய, அதனால் குதிரைக்கு ஏதாவது என்றால் வந்து சேர்கிற யோசனை எல்லாம் மாட்டு யோசனையாகவே இருக்கிறது. கீழே வரும் கடிதங்களில் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஐயா, கடற்கரைக்கு வரும் பிள்ளைகளை ஏற்றி நடத்துவதற்காக ஒரு சின்னக் குதிரை வைத்திருக்கிறேன். பெண் குதிரை, பத்து வயதிருக்கும் என்று விற்றவர் சொன்னார். முந்தநாள் பின்னேரத்திலிருந்து தீனி எடுக்கவில்லை. தவிட்டை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தண்ணீர் கொஞ்சம் குடிக்கிறது. விழுந்து உருளவில்லை, தலையைத் தொங்கப் போட்டபடி நிற்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அண்ணன் மாடு வளர்த்துப் பழகியவர். நல்லெண்ணெயில் பூண்டும் பெருங்காயமும் போட்டுக் காய்ச்சி மூங்கில் குழாயால் பருக்கினால் பசி எடுக்கும் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, செய்யாதீர்கள். இதை உங்களுக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன், இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயமா இது? இங்கே எழுதுவது நாளைக்கு இதே நிலையில் நிற்கப்போகிறவர்களுக்காக.

முதலில் அந்த மூங்கில் குழாய். மாட்டின் தலையைத் தூக்கிக் கடைவாயால் மருந்து ஊற்றுவது நம் ஊரில் காலங்காலமாக நடக்கிறது. மாட்டிலும் அது முழுக்கப் பத்திரமான வேலை இல்லை, பெரும்பாலும் தப்பிவிடுகிறது, அவ்வளவுதான். குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும், இரண்டு நாளில் நிமோனியா பிடிக்கும், வந்த நோயை விட்டுவிட்டு இந்தப் புது நோயோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் பருமனுக்கு அதன் இரைப்பை சின்னது, பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லீற்றர்தான். குடல் அடைத்து இரைப்பையில் ஏற்கெனவே நீர் தேங்கி நிற்கும்போது மேலே மேலே ஊற்றினால் இரைப்பை கிழிந்துவிடும், அதற்கு மேல் எந்த வைத்தியரும் ஒன்றும் செய்ய முடியாது. வயிற்றுக்குள் எண்ணெயோ உப்போ போக வேண்டுமென்றால் வைத்தியர் மூக்கு வழியாகக் குழாயை இரைப்பைவரை இறக்கி, உள்ளே தேங்கியது ஏதாவது வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகே ஊற்றுவார்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? பசிக்கு மருந்து தேடுவதை முதலில் நிறுத்துங்கள். விட்டால் ஒரு நாளின் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கிற பிராணி குதிரை. அது வாயை மூடிக்கொண்டு நிற்கிறது என்றால் வேறெங்கோ ஒன்று கெட்டிருக்கிறது. அது என்ன என்று பார்க்காமல் பசியை மட்டும் கிளப்பி விட முடியாது, கிளப்பவும் கூடாது.

தின்ன மனமில்லையா, தின்ன ஏலாமல் நிற்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அப்போதே பறித்த புல்லை ஒரு கைப்பிடி எடுத்து வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஆவலாக வாங்கி, நாலு தரம் மென்று, பாதி மென்ற உருண்டையாகக் கீழே போட்டால் பல்லைப் பார்க்க வேண்டும். குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும், மேல்வரிசை வெளிப்பக்கமும் கீழ்வரிசை உட்பக்கமும் கூர் கட்டிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும், அரத்தால் ராவி விட்டால் பல குதிரைகள் அன்றைக்கே தின்னத் தொடங்கிவிடும். விழுங்கிய பிறகு கழுத்தை நீட்டி இருமி, மூக்கு வழியாகத் தீனி கலந்த பச்சைத் தண்ணீர் வந்தால் உணவுக்குழாயில் அடைத்திருக்கிறது. தீனி, தண்ணீர் இரண்டையும் அந்த நிமிடமே எடுத்துவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள், மூச்சு அடைபடாது, பயந்துபோய்த் தொண்டைக்குள் எதையும் விட்டுக் குத்தாதீர்கள். புல்லைத் தின்று தவிட்டையும் கடலையையும் மட்டும் ஒதுக்கினால் இரைப்பைப் புண் இருக்கலாம், அல்லது தவிடே கெட்டிருக்கலாம். சாக்கின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள். அரிசித் தவிட்டில் எண்ணெய்த்தன்மை அதிகம், நம் வெக்கையில் சில நாளிலேயே சிக்கு வாடை ஏறத் தொடங்கும். நமக்கு லேசாகத் தெரிகிற வாடை, குதிரைக்கு முகத்தைத் திருப்பப் போதும்.

புல்லையே திரும்பிப் பார்க்கவில்லை என்றால் காய்ச்சல், வயிற்று வலி, விஷம் என்று யோசிக்க வேண்டும். உப்புவெளிக் குதிரை இந்த வகை. அதனால் தம்பியைச் சில விஷயங்கள் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

பாமசியில் விற்கும் சாதாரணத் தெர்மோமீட்டர் காணும். அதன் வெளியே நிற்கும் முனையில் நூல் கட்டி, நூலை வால் மயிரில் ஒரு கிளிப்பால் மாட்டிவிட்டு (உள்ளே இழுத்துக்கொண்டால் எடுப்பது பெரும் பாடு), பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் சரி. கச்சான் காற்று அடிக்கிற நடுப்பகலில் வெயிலில் நின்ற குதிரைக்குக் கூடத்தான் காட்டும், நிழலில் அரைமணி நேரம் நிற்க விட்டுப் பாருங்கள். நாடியைக் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் பிடிக்கலாம், விரலுக்கடியில் வழுக்குகிற ஒரு நாளம் தட்டுப்படும். ஓய்வாக நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44, சின்னக் குதிரையில் சற்றுக் கூடலாம், 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) பெருவிரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். பிறகு விலா முடிகிற இடத்துக்குப் பின்னால் வயிற்றில் காதை வைத்துக் கேளுங்கள், இரண்டு பக்கமும் குடல் உருளும் சத்தம் வர வேண்டும், ஒரு நிமிடம் முழுக்க ஒன்றுமே கேட்கவில்லை என்றால் நல்லதில்லை. கடைசியாக இலத்தி. நல்ல குதிரை நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் இலத்தி போடும்.

தம்பி எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்துச் சொன்னார். காய்ச்சல் இல்லை, நாடி 52, முரசு காய்ந்து கிடக்கிறது, குடல் சத்தம் மிகக் குறைவு, முதல்நாள் முழுக்க இரண்டே தரம் சின்னச் சின்னதாகக் காய்ந்த இலத்தி. எங்கே தீனி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். கடற்கரையில் கட்டுகிற இடத்திலேதான், மணலில் கொட்டி வைப்பேன், சிந்தியதை எல்லாம் துப்புரவாக நக்கி எடுத்துவிடும், வீண்போகாது என்றார், கொஞ்சம் பெருமையாக.

வீண்போகாதுதான், மணலும் சேர்ந்து உள்ளே போகும். தின்னுகிற மணல் பெருங்குடலின் தாழ்வான மடிப்புகளில் படிந்து படிந்து கனத்துக் குடலை நகரவிடாமல் செய்துவிடும். தீனியை மணலில் போடாவிட்டாலும், குட்டையாகக் கடித்து முடித்த புல்லை வேரோடு பிடுங்கித் தின்கிற குதிரைக்கும் இதே கதிதான். சோதித்துப் பார்ப்பது சுலபம். இலத்தி விழுந்ததும் தரையில் படாத மேல்பாகத்திலிருந்து ஐந்தாறு உருண்டை எடுத்து, நிறமில்லாத பிளாஸ்டிக் பையில் ஒரு லீற்றர் தண்ணீரோடு போட்டு நன்றாகக் கரைத்து, ஒரு மூலை கீழே வரும்படி கால்மணி நேரம் தொங்க விடுங்கள். நார் மிதக்கும், மணல் மூலைக்கு இறங்கும். பைக்கு வெளியே விரலால் உருட்டினால் நறநறவென்று தெரியும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இறங்கினால் கவலைப்பட வேண்டிய அளவு. ஒன்றுமே இறங்கவில்லை என்றால் மணல் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, உள்ளே படிந்தது அசையாமல் கிடக்கலாம். தம்பி அனுப்பிய படத்தில் பையின் மூலையில் விரல் தடிப்புக்கு மணல் நின்றது, அலை கரையில் கோடு போடுகிற அந்தக் கறுப்பு மணலும் அதில் ஒரு வரியாக இருந்தது.

வைத்தியரைக் கூப்பிடத் தம்பி தயங்கியதற்குக் காரணம், 'அவர் மாட்டு டொக்டர்தானே' என்பது. அப்படி ஒரு பிரிவு நம் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் கிடையாது. பேராதனையில் கால்நடை மருத்துவம் படித்து வருகிறவர்கள் குதிரையையும் படித்துத்தான் வெளியே வருகிறார்கள். அடிக்கடி குதிரை பார்க்காததால் கை பழகாமல் இருக்கலாம், சந்தேகம் வந்தால் அவர்களே பேராதனைப் பீடத்தில் யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் செய்யக்கூடிய உதவி, 'குதிரைக்குச் சுகமில்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், காய்ச்சல் இவ்வளவு, நாடி இவ்வளவு, இலத்தி எத்தனை தரம், கடைசியாகத் தின்றது எப்போது என்று சொல்வது. அப்படிச் சொன்னால் ஆள் கெதியாக வருவார், வரும்போது குழாயையும் எடுத்துக்கொண்டு வருவார். இங்கேயும் அதுதான் நடந்தது. வலிக்கு ஊசி போட்டு, குழாய் வழியாகத் தண்ணீரோடு எப்சம் உப்பும் இசப்கோலும் (தண்ணீரில் ஊறிப் பெருக்கும் விதை உமி) சில நாள் தொடர்ந்து கொடுத்தார். இசப்கோல்தானே, கடையில் விற்கிறதே, நாமே கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். முழுக்க அடைத்துக் கிடக்கிற குடலுக்குள் ஊறிப் பருக்கிற ஒன்றை அனுப்புவதா வேண்டாமா என்பது கையால் சோதித்துப் பார்த்தவர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டிலிருக்கும் வலி மாத்திரையும் வேண்டாம். குதிரைக்கென்று உள்ள வலி மருந்தைக்கூட வைத்தியர் வருவதற்கு முன் போட்டால் வலி அமுங்கி, நோயின் கடுமை தெரியாமல் போய்விடும்.

எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கணக்கு இதுதான்: ஒரு வேளை தின்னவில்லை என்றால் மேலே சொன்னவற்றைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரமாகத் தீனியும் இல்லை இலத்தியும் இல்லை என்றால் போனை எடுங்கள். காலால் நிலத்தைப் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, வியர்ப்பது, படுத்து உருள்வது இதில் ஒன்று தெரிந்தாலும் மணிக்கணக்குப் பார்க்க வேண்டாம். முந்தநாளிலிருந்து என்று எழுதுகிற நிலைக்கு விடவே கூடாது தம்பி.

அப்புறம் தீனி காட்டுவது. வயிற்று வலி இருக்கும்வரை தீனியை எடுத்துவிட வேண்டும், வைத்தியர் சரி என்ற பிறகே காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வாளி நிறையத் தவிடு வைத்துவிட்டுப் போகாதீர்கள், அதைப் பார்த்தாலே அதற்கு அலுத்துவிடும். நோயிலிருந்து எழும்புகிற குதிரைக்குப் பச்சைப் புல்லைவிட நல்ல மருந்து இல்லை. கயிற்றில் பிடித்து நல்ல புல் உள்ள இடத்துக்கு மெல்ல நடத்திக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் மேய விட்டுக் கூட்டி வாருங்கள், ஒரு நாளில் எத்தனை தரம் முடியுமோ அத்தனை தரம். லாயத்தில் வெட்டிப் போட்டால் தொடாத புல்லை, தானே பிடுங்கித் தின்ன விட்டால் குதிரை தின்னும். ஹோட்டல் தோட்டத்தில் மெஷினால் வெட்டிப் பையில் கட்டிய புல்லை மட்டும் வாங்காதீர்கள், அது பைக்குள்ளேயே புளித்துச் சூடேறியிருக்கும், வயிற்று வலி மறுபடி வரும். அதே தோட்டத்தில் வேலியோரம் அலரி நிற்கிறதா என்றும் பாருங்கள், வெட்டிப்போட்ட அலரி இலை காய்ந்த பிறகும் விஷம்தான், ஒரு கைப்பிடி போதும் ஒரு குதிரையை முடிக்க.

மூக்குத் துவாரத்தை ஈரத் துணியால் துடைத்து விடுங்கள், மணம் தெரியாத குதிரை தின்னாது. கரட்டை வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறுங்கள், வட்டம் தொண்டையில் போய் நிற்கும். வாழைப்பழத்தைத் தோலோடு தின்னும், வத்தகப்பழத் தோல் என்றால் பல குதிரைகளுக்கு உயிர். தின்னாமல் விட்டதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வாளியைக் கழுவி வையுங்கள். மருந்தைத் தீனியில் கலக்காதீர்கள், ஒருமுறை கசப்புத் தெரிந்தால் மருந்து நின்ற பிறகும் அந்த வாளியை நம்பாது. தண்ணீர் இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஒரு கைப்பிடி உப்பு, எதைக் குடிக்கிறது, எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் கோடையில் உவர்த்துவிடும், வேறிடத்தில் நல்ல தண்ணீர் குடித்துப் பழகிய குதிரை உவர்த் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும், தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், குடலும் காயும். நாக்கில் வைத்துப் பாருங்கள், வெட்கம் ஒன்றுமில்லை.

வைக்கோலை இந்த நேரத்தில் தொடவே வேண்டாம். தவிடு, கடலை எல்லாம் பிறகு, ஒரு வாரமெடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. உப்புவெளித் தம்பி பழைய டயரை வெட்டிச் செய்த தொட்டியில், கீழே சாக்கு விரித்துத் தீனி வைக்கிறார் இப்போது, பையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதையும் விடவில்லை.

கேள்வி: குதிரையின் காதுக்குள்ளும் வாலடியிலும் ஒரே உண்ணி. மாட்டுக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கிறது. அதையே குதிரைக்கும் அடிக்கலாமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள். அமிட்ராஸ் என்று இருந்தால் மூடி வையுங்கள். மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படுகிற மருந்து அது, குதிரையில் பெருங்குடலின் அசைவை நிறுத்திவிடும். அடித்த அன்றைக்கே தெரியாது என்பதுதான் சங்கடம். ஓரிரு நாள் கழித்துக் குதிரை மந்தமாகி, தீனியை விட்டு, இலத்தி நின்று, வயிறு ஊதும். அந்த நேரத்தில் உண்ணி மருந்தை யாரும் நினைப்பதில்லை, நேற்றுத் தின்ற தவிட்டைத்தான் திட்டுவார்கள். அடித்துவிட்டீர்கள் என்றால் வைத்தியரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

உண்ணியைக் கையுறை போட்டு, சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அலுப்பான வேலைதான். நிறைய இருந்தால் குதிரைக்கென்று எழுதியிருக்கிற மருந்தை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். காய்ச்சலோடு முரசு வெளுத்தோ மஞ்சளாகவோ தெரிந்து, சிறுநீரும் கறுத்துப் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த ஒரு குதிரையை என் மச்சான் வாங்கி வந்தார். எலும்பு தெரிகிறது, உடம்பு தேறட்டும் என்று கோழிப் பண்ணையில் மிஞ்சும் தீவனத்தைக் கொடுக்கிறோம். முதல் இரண்டு நாள் தின்றது, இப்போது மணந்து பார்த்துவிட்டு விடுகிறது. சீனிப்பாணி கலந்து கொடுத்தால் தின்னுமா?
— வாசகி, கந்தளாய்

பதில்: தங்கச்சி, அது தின்னாமல் விட்டது உங்கள் நல்ல காலம். அந்தத் தீவனத்தை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். இறைச்சிக் கோழித் தீவனத்தில் இரத்தக் கழிச்சல் வராமலிருக்க மொனென்சின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பது உண்டு, சில மாட்டுத் தீவனங்களிலும் இருக்கும். கோழி அதைத் தாங்கும். பாதிக் கோழிகளைக் கொல்ல உடம்பின் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவில் வேண்டும், குதிரைக்கு 2 முதல் 3 மில்லிகிராமே போதும். நேரே இதயத் தசையைத் தாக்குகிறது, முறிமருந்து கிடையாது. தீனியை விடுவதுதான் முதல் அறிகுறி, அதன் பிறகு வியர்வை, தள்ளாட்டம், கறுத்த சிறுநீர். அன்று தப்பிய குதிரை சில மாதம் கழித்து வேலை வாங்கும்போது விழுந்து சாவதும் உண்டு, இதயத்தில் வடு நின்றுவிடும். அதனால் வைத்தியர் பார்த்து இதயத்தைக் கேட்டுச் சொல்லும்வரை சவாரி வேண்டாம், ஓட விட வேண்டாம். கோழித் தீவன வாளியைக் கழுவாமல் குதிரைக்கு வைப்பதும் கூடாது.

உடம்பு தேற வைக்க அவசரம் வேண்டாம். பட்டினி கிடந்து மெலிந்த குதிரைக்குத் திடீரென்று தானியம் போட்டால் இரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி நாலைந்து நாளில் சரிந்துவிடும். நல்ல புல், கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. கினிப்புல் கிடைக்கும், கொடுங்கள், அதையே மாதக்கணக்கில் தனித் தீனியாக வைக்காதீர்கள், அதிலுள்ள ஒக்சலேற்று சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தவிடும் அந்தக் குறையைக் கூட்டும். மாட்டுக்கு வெட்டுகிற இப்பில் இப்பில் தழையும் வேண்டாம், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். பல்லையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குதிரை வாயில் நுரை தள்ளுகிறது, வாளிக்குள் முகத்தை விடுகிறது, ஆனால் தண்ணீர் உள்ளே போவதாகத் தெரியவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது போல. வாப்பா கையை விட்டு எடுக்கலாம் என்கிறார்.
— வாசகர், கிண்ணியா

பதில்: வாப்பாவிடம் கையை வைக்க வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். அடைப்பாகவும் இருக்கலாம், விசர்நாய் கடித்த நோயாகவும் இருக்கலாம், பார்வையால் பிரிக்க முடியாது. விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கிற எந்தக் குதிரையையும், மறுத்துச் சொல்லப்படும்வரை விசர் நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் தெருநாய்க்குக் குறைவில்லை, குதிரையின் காலில் பட்ட சின்னக் கடி மயிருக்குள் மறைந்து போகும். கட்டி வையுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், வைத்தியரிடம் போனிலேயே இந்தச் சந்தேகத்தைச் சொல்லுங்கள். ஏற்கெனவே எச்சில் கையில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குதிரைக்கு என்ன என்று தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொரு நோயும் இப்படித் தொடங்கும். காது விறைத்து, வால் தூக்கி நின்று, தாடை இறுகி, கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு பாதிக் கண்ணை மூடினால் அது ஏற்புவலி. ஆணி குத்திய சின்னக் காயமே போதும், வளர்ப்புப் பிராணிகளில் குதிரைக்குத்தான் அது மிக எளிதாக வருகிறது. தடுப்பூசி இருக்கிறது. குதிரை வாங்கும்போது சேணம், கடிவாளம் எல்லாம் கேட்டு வாங்குகிறோம், இந்த ஊசி போட்டதா என்று கேட்பவர் குறைவு.

கேள்வி: மன்னாரிலிருந்து கொண்டுவந்த கழுதை ஒன்று இருக்கிறது, சினையாக இருக்கிறது, நல்ல கொழுத்த உடம்பு. நேற்றிலிருந்து சரியாகத் தின்னவில்லை. கொழுப்புத்தான் இருக்கிறதே, இரண்டு நாள் தின்னாவிட்டால் என்ன என்கிறார் அத்தான்.
— வாசகி, மூதூர்

பதில்: அந்தக் கொழுப்புத்தான் ஆபத்து. கழுதையும் சின்னக் குதிரையும் தின்னாமல் விட்டால் உடம்பு கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கொட்டும், கரைகிற வேகத்துக்கு ஈரல் ஈடுகொடுக்காது. கொழுத்தது, சினையானது, பால் கொடுப்பது, இவற்றுக்கு இன்னும் மோசம். அப்போது இரத்தம் எடுத்து வைத்தால் மேலே நிற்கும் நீர்ப்பகுதி பால் மாதிரிக் கலங்கியிருக்கும். அந்தக் கட்டத்துக்குப் போனதில் நிறைய பிழைப்பதில்லை. கழுதை வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி, குதிரை உருண்டு புரளுகிற வலியைக் கழுதை சும்மா நின்றே தாங்கும், ஆகவே 'கொஞ்சம் மந்தம்' என்றாலே பெரிய விஷயம். இன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள். அதன் ஜோடி வேறெங்காவது இருந்தால் பக்கத்தில் கொண்டுவந்து கட்டுங்கள், துணையைப் பிரித்ததால் தீனியை விடுகிற கழுதைகளும் இருக்கின்றன.

கேள்வி: பசி எடுக்க பி கொம்ப்ளெக்ஸ் ஊசி போட்டால் போதாதா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: போட்டால் கெடுதல் பெரிதாக இல்லை, காரணத்தைத் தேடாமல் அதைப் போட்டுவிட்டு ஒரு நாள் காத்திருந்தால் அந்த ஒரு நாள்தான் கெடுதல்.

கேள்வி: குதிரை வாந்தி எடுக்காது என்று சேர் சொன்னார். ஏன் எடுக்காது? எங்கள் சித்தப்பா கடற்கரையில் குதிரை வைத்திருக்கிறார்.
— தரம் 6 மாணவி, திருகோணமலை

பதில்: உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது மகள், குதிரையில் அது மிகவும் இறுக்கமானது, குழாயும் சரிவாகப் போய்ச் சேருகிறது. இரைப்பை நிறைய நிறைய அந்த வாய் இன்னும் இறுகும், உள்ளே போனது மேலே வராது. கெட்டது எதையாவது தின்றுவிட்டால் நாம் கக்கித் தப்புவது போல அது தப்ப முடியாது. ஆகையால் சவாரி முடிந்ததும் குதிரைக்குப் பணிஸும் பாணும் ஊட்டுகிறவர்களைப் பார்த்தால், சித்தப்பாவிடம் சொல்லி ஒரு மட்டையில் 'தீனி கொடுக்காதீர்கள்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது, நீங்களே எழுதலாம்.